ஜாவலில் கரைத்த பழப்புளி

பாத்திரம் கழுவத் தெரியாமல் மனைவியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான். இப்படி ஒரு வரியில் எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்ததும் எழும்பிப் போய், அடுத்த அறையில் அவள் ஒழுங்காக மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த வரியை எழுதுகிறேன்.

போன குளிர்காலம். பாரிஸ் லா சப்பலில், மெற்றோ ஓடும் மேம்பாலத்துக்கு முன்னால், லிப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, யன்னல் இல்லாத ஒரு குளியலறை. சம்பவம் நடந்தது அந்தக் குளியலறையில்.

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகமே கோப்பை கழுவுவதுதான். வந்த புதிதில் உணவகங்களின் நிலவறைகளில் வருடக்கணக்காக நின்று கழுவியிருக்கிறேன். பிறகு படித்து, ஒரு கணக்காளர் அலுவலகத்தில் கதிரை பிடித்து, தடித்த புத்தகங்கள் வாசிக்கிறவன் என்று ஊருக்குள் பெயரும் எடுத்துவிட்டேன். ஆனாலும் எங்கேயாவது பாத்திரம் கழுவும் பேச்சு வந்தால் எனக்குள் ஒரு பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பிவிடுவார்.

அந்தப் பேராசிரியருக்கு பியர் செய்யும் ஆசை வந்தது. வைத்தியர் குடியைக் குறைக்கச் சொல்லியிருந்தார். கடையில் வாங்குவதால்தானே அளவு தப்புகிறது, நானே வீட்டில் செய்தால் செய்கிற கஷ்டத்திலேயே குறைந்துவிடும் என்று ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். பார்லி எந்த நாகரிகத்தில் முதலில் புளித்தது, துறவிமடங்களில் எப்படிப் புளித்தது என்று ஒரு மாதம் வாசித்தேன். வாசித்ததை மனைவிக்கு விளக்கினேன். அவள் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"கண்டறியாத பியர். கீழை கடையிலை அடுக்கி வைச்சிருக்கிறான். வாங்கிக் குடிச்சிட்டுப் பேசாமல் படுங்கோவன். ஏன் இந்த வயசிலை வீட்டைத் தவறணை ஆக்கிறியள்?"

அவளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அவள் ரூ காய் தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தாள். அங்கே அவளுக்குத் தையலும் தெரியாது, கணக்கும் வராது, வாய்தான் முதல். சும்மா பார்க்க வந்தவளையும் கதை சொல்லிச் சொல்லியே கல்யாணப் பட்டுச் சேலையோடு அனுப்பிவிடுவாள். ஒரு வசனம் தொடங்கினால் மூன்று சேலை விரித்த பிறகுதான் முற்றுப்புள்ளி வரும். என்னைத் திட்டுவதும் அதே நீளத்தில்தான். நடுவில் ஒரு இடம் கிடைத்தால் பதில் சொல்லலாம் என்று காத்திருந்தே எனக்குத் தலை நரைத்தது. இன்னொன்றும் உண்டு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. குளிர் கூடினால் மூச்சு இழுக்கும். கைப்பையில் எப்போதும் ஒரு பம்ப் இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. இதை அடிக்கோடிட்டு வாசியுங்கள்.

பியர் புளிக்கவைக்கும் எவர்சில்வர் பானையைப் புறநகரான லெ பிளாங்-மெனிலில் ஒரு பிரெஞ்சுக் கிழவரிடம் பழசாக வாங்கினேன். மூடியும் அடியில் குழாயும் வைத்த பெரிய பானை. ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். கிழவர் அதைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். பிரியும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இதற்கு ஜாவல் மட்டும் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜாவல் என்றால் இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற குளோரின் தண்ணீர். நிலம் துடைக்க, மலசலகூடம் கழுவ, வெள்ளைத் துணி வெளுக்க. நான் "வுய், வுய்" என்று தலையாட்டினேன். புரியாமல் ஆட்டவில்லை, நன்றாகப் புரிந்துதான் ஆட்டினேன். மனதுக்குள், ஐயா, உங்கள் நகரத்தின் பாதிக் கோப்பைகளை ஜாவலில் கழுவியவன் நான், எனக்கா பாடம் எடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை செய்த பியர் புளித்துப்போனது. பியர் புளிக்கத்தானே வேண்டும் என்று கேட்கக்கூடாது. இது வேறு புளிப்பு. நாக்கில் வைத்ததும் முகம் தானாகவே ஒரு பக்கம் போனது. பானைக்குள் கிருமி இருந்திருக்கிறது, கழுவினது போதாது என்று புத்தகம் சொன்னது. எனக்குள்ளிருந்த கோப்பை கழுவி அவமானப்பட்டுப்போனான். ஒரு ஞாயிறு பின்னேரம், பானையைக் குளியல் தொட்டிக்குள் வைத்து, போத்தல் போத்தலாக ஜாவலை ஊற்றி, கொஞ்சம் தண்ணீரும் விட்டு, விடியும்வரை ஊறவிட்டேன். கிருமிகளுக்கு என்னைப் பற்றிக் காட்டவேண்டியிருந்தது.

அடுத்த நாள் மூடியைத் திறந்தால், உள்ளே சுவரெங்கும் மண்ணிறப் புள்ளிகள். அம்மை போட்ட மாதிரி. எவர்சில்வருக்குக் கறள், துரு எதுவும் பிடிக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஜாவலில் நெடுநேரம் கிடந்தால் அதன் மேல்தோலை அது தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாதென்று சொல்வதும் பொய். லெ பிளாங்-மெனிலில் ஒரு மனிதர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

கறளுக்கு எங்கள் ஆட்களிடம் மருந்து உண்டு. குத்துவிளக்கோ செம்போ பித்தளைத் தாம்பாளமோ, பழப்புளி போட்டுத் தேய்த்தால் பளபளத்துவிடும். லா சப்பலில் சாமி அறை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் அந்த மணம் வரும். குசினியில் இருந்த புளிக் கட்டி முழுவதையும் கொதிநீரில் போட்டுக் கரைத்தேன். ஜாவலை வெளியே ஊற்றிவிட்டுத்தானே புளியை விடவேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் நல்ல ஜாவல், ஏன் வீணாக்குவான்? கிருமிக்கு அது, கறளுக்கு இது. இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன். நோய்க்கு இரண்டு வைத்தியரிடம் ஒரே நாளில் மருந்து எடுக்கும் பரம்பரையில் வந்தவன் வேறு எப்படி யோசிப்பான்?

குளியலறையில் யன்னல் இல்லை என்றேன். மேல் சுவரில் காற்றை வெளியே இழுக்க ஒரு துவாரம் இருந்தது. இருந்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதை நான்தான் அகலமான ஒட்டுநாடாவால் அடைத்து வைத்திருந்தேன். குளிர் வருகிறது என்று. நான் போய்வந்த எங்கள் ஆட்களின் வீடுகளில் அந்தத் துவாரம் திறந்து கிடந்ததை நான் கண்டதே இல்லை. வீட்டைச் சூடாக்கக் காசு கட்டுகிறவர்கள் நாங்கள், அந்தச் சூடு ஏன் வெளியே போகவேண்டும்? ஆக, துவாரம் அடைத்த அறை, கதவும் சாத்தியிருக்கிறது. அவள் அன்று கடை லீவு என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருந்தாள். சத்தம் கேட்டு எழும்பினால் ஒரு நீண்ட வசனத்தை நான் கேட்கவேண்டி வரும் என்றுதான் கதவைச் சாத்தினேன்.

கொதிக்கிற புளிக்கரைசலை ஜாவலுக்குள் கவிழ்த்தேன்.

நுரைத்தது. பிறகு பானையின் விளிம்பால் ஒன்று மெல்ல வழிந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாம் உலகப் போரில் படைவீரர்களின் அகழிகளுக்குள் விட்ட விஷவாயுவின் நிறத்தை ஒரு தடித்த புத்தகத்தில் வாசித்து, அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தும் வைத்திருக்கிறேன். அதே நிறம் என் குளியல் தொட்டிக்குள் வந்து நின்றபோது, அட, நல்லாய் வேலை செய்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. இதைவிடக் கீழே ஒரு வாசகன் போக முடியாது.

பிறகு யாரோ தொண்டைக்குள் கையை விட்டுப் பிடித்த மாதிரி இருந்தது. கண் திறக்க முடியவில்லை. இருமல், இருமலுக்கு மேல் இருமல். கதவின் கைப்பிடியைத் தேடினேன், அகப்படவில்லை. நிலத்தில் குந்திவிட்டேன்.

கதவைத் திறந்தது அவள். சால்வைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் என் சட்டைக் கொலரைப் பிடித்து, அரிசிச் சாக்கை இழுக்கிற மாதிரி இழுத்து வெளியே போட்டாள்.

"விசரே உங்களுக்கு? என்னத்தைக் கலந்தனீங்கள்? இஞ்சாருங்கோ, என்னெண்டு சொல்லுங்கோ!"

எனக்கு ஒரே ஒரு சொல்லுக்கு மூச்சு இருந்தது. அந்தச் சொல் "போகாதை" என்று இருந்திருக்கலாம். "யன்னல்" என்று இருந்திருக்கலாம். அவளுடைய பெயராகக்கூட இருந்திருக்கலாம்.

நான் "பானை" என்றேன்.

ஏன் சொன்னேன்? பானை பழுதாகப்போகிறது என்ற கவலையில்தான் சொன்னேன். வேறு கௌரவமான காரணம் எதையாவது கண்டுபிடிக்கலாமா என்று இத்தனை மாதமாக யோசித்துப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. அவளோ, பானைக்குள் ஏதோ ஆபத்து இருக்கிறது, அதை உடனே கவிழ்த்து ஊற்றவேண்டும், அதைத்தான் மனிசன் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். என்னைப் பற்றி அவளுக்கு எப்போதும் என் தகுதிக்கு மேலான ஒரு எண்ணம். திரும்பி உள்ளே போனாள்.

தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பானை தொட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய இருமல். பிறகு அதுவும் இல்லை.

நான் எப்படி எழும்பினேன், எப்படி அவளை இழுத்துவந்தேன் என்று எனக்குத் தெரியாது. வாசல் கதவைத் திறந்தபோது, எதிர் வீட்டுப் புதுச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற மனிதர், தன் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"என்னா சார் இது, மாடி முழுக்க நீச்சல் கொளம் மாதிரி நாறுது?" என்றவர் அவளைப் பார்த்தார். "ஐயோ, மதாமுக்கு என்னா ஆச்சு? வெளில கொண்டாங்க, வெளில! நான் பொம்பியேவைக் கூப்புடறேன். நீங்க பேசாதீங்க, நீங்க பேசுனா அவங்களுக்குப் புரியாது."

தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். அவளைப் படிக்கட்டில் சாய்த்து, என் வீட்டுக் கதவை இழுத்து மூடி, படிக்கட்டு யன்னலைத் திறந்துவிட்டார். நான் அவளது கைப்பையை எடுக்கத் திரும்ப உள்ளே ஓடி, பம்பைக் கொண்டுவந்து வாயில் வைத்தேன். அழுத்தினேன். அவளால் இழுக்க முடியவில்லை. உதடு நீலமாகியிருந்தது. என்னைப் பார்த்து எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. எங்கள் இருபத்தைந்து வருட வாழ்க்கையில் அவள் வாயைத் திறந்து ஒன்றும் வராதது அன்றுதான். அந்த அமைதியை எத்தனை நாள் நான் வேண்டியிருக்கிறேன் என்று நினைத்தேன். நினைக்காமல் இருந்திருக்கலாம்.

பொம்பியேக்கள் முகமூடியோடு வந்தார்கள். அவளுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். ஒருவர் என்னிடம் என்ன கலந்தீர்கள் என்று கேட்டார். ஜாவல் என்றேன். வேறு என்றார். புளிக்குப் பிரெஞ்சில் ஒரு சொல் இருக்கிறது, அந்த நேரத்தில் அது என்னைக் கைவிட்டது. ஒரு பழம், புளிக்கும், கறிக்குப் போடுவோம் என்றேன். சமைத்துக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டார். இல்லை, கழுவிக்கொண்டிருந்தேன் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. உள்ளே போய், மேல் சுவரில் நான் ஒட்டியிருந்த நாடாவைப் பிடித்து ஒரே இழுவையில் உரித்தார். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

ஆஸ்பத்திரி நடையில் இருந்தபடி, லியோனில் வேலை செய்யும் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இங்கே பிறந்த பிள்ளை, என்னோடு பிரெஞ்சில்தான் கதைப்பாள். பப்பா, கலக்கக்கூடாது என்று போத்தலிலேயே எழுதியிருக்கிறதே, நீ வாசிக்கவில்லையா என்று பிரெஞ்சில் கத்தினாள். பல்பொடிப் பெட்டியில் உள்ளதைக்கூட வாசிக்கிற நான் அதை வாசிக்கவில்லை. பிறகு அவள் தமிழில் கேட்டாள்.

"அப்பா, அம்மா கதைக்கிறாவா?"

பிள்ளை தமிழுக்கு மாறினபோதுதான் நான் எழும்பி, மனைவி இருந்த அறையைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன்.

பல நாள் கழித்து அவளை வீட்டுக்கு விட்டார்கள். நாலு மாடியையும் ஏறி முடிக்க ஒரு மத்தியானம் போனது. ஒவ்வொரு தட்டிலும் படியில் குந்திக் குந்தித்தான் ஏறினாள். நுரையீரல் வைத்தியர் மிக மரியாதையாகச் சொன்னார்: மூச்சுக்குழாய்கள் வெந்து, இப்போது எதற்கும் சுருங்கப் பழகிவிட்டன. ஏற்கெனவே தொய்வுள்ளவர். காலப்போக்கில் குறையலாம். குறையாமலும் இருக்கலாம். அந்த இரண்டாவது வசனத்தை அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

இப்போது எனக்கு எல்லாம் தெரியும். எவர்சில்வருக்கு ஜாவலும் ஆகாது, உப்பும் ஆகாது, கம்பி நாரும் ஆகாது. குளோரின் இல்லாத பெர்கார்பனேட் தூளை வெந்நீரில் கரைத்து, யன்னலைத் திறந்து வைத்து, மெல்லிய துணியால் கழுவி, நன்றாக அலசி, ஈரமில்லாமல் காயவிட வேண்டும். புள்ளி விழுந்தால் எலுமிச்சை அமிலம் போடலாம், ஆனால் முதல் போட்டதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அலசிய பிறகு மட்டும். எந்த இரண்டையும் ஒன்றாக விடக்கூடாது. இதையெல்லாம் நான் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து வாசித்தேன். வாசிக்க எனக்கு நேரம் எப்போதும் கிடைக்கும். உரிய நேரத்தில் மட்டும் கிடைக்காது.

வசந்தத்தில் ஒரு நாள் அவள் கடைக்குப் போனாள். புதுச் சேலையின் கஞ்சி மணமும் சாமிப் படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தியும் சேர, முதல் சேலையை விரிக்கும்போதே இருமல் பிடித்துவிட்டது. முதலாளி நல்ல மனிதர். "அக்கா, நல்லாய்ச் சுகமானாப் பிறகு வாங்கோ, அவசரமில்லை" என்று சொல்லி ஆள் வைத்து வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுடைய வசனங்கள் இப்போது சின்னது சின்னதாக வருகின்றன. பாதியில் நின்று, மூச்சை எடுத்து, மிச்சத்தைச் சொல்கிறாள். சில வேளை மிச்சத்தைச் சொல்வதில்லை, கையை அசைத்து விட்டுவிடுகிறாள்.

பார்க்க வந்தவர்களில் ஒரு நண்பன், "அண்ணை, ஊரிலை அவ்வளவு குண்டுக்குள்ளாலை தப்பி வந்த மனிசியை, நீங்கள் குளியலறைக்குள்ளை வைச்சு முடிக்கப் பாத்தியள்" என்று பகிடிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, சிரித்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் பகிடி சொல்லும் உத்தியோகத்தை விட்டுவிட்டேன். இருந்த ஒரே திறமை அதுதான்.

அவள் இன்றுவரை இதற்காக என்னைத் திட்டவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நினைத்து ஆறுதல்பட ஆசைதான். ஆனால் என்னைத் திட்டுவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு அவளிடம் இல்லை.

பக்கத்தில் ஒருவர் சும்மா மூச்சு விடுவதை இத்தனை வருடமும் நான் ஒரு சத்தமாகக் கேட்டதே இல்லை. இப்போது மெற்றோ போகும்போதும் அது ஒன்றுதான் கேட்கிறது, அது நிற்கக்கூடாது என்பதைத் தவிர இந்த வாழ்க்கையில் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இந்த வசனத்தை எழுதியதும் எனக்கே நெஞ்சு அடைத்தது. பேக்கரியில் இரவுக்குப் பாண் வாங்கவேண்டியதை மறந்து, அவளுடைய கட்டிலோரம் போய், குரல் தழுதழுக்க வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"என்ரை மூச்சை..." என்று நிறுத்தி, ஒரு தரம் இழுத்து எடுத்தாள். "நான் பாக்கிறன். நீங்கள் போய்... பாணை வாங்குங்கோ. கடை பூட்டப் போறான்."